மணலி முதலியார் வைத்த வயலின் வாத்தியார்

மலர்க் குழுவினர் போன் செய்து, "கட்டுரை ஒன்று வேண்டும், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார்கள். ஹாஸ்டல் மெஸ் பற்றியோ, கடைசி செமஸ்டர் அரியர் பற்றியோ ஏதாவது வேடிக்கையாக எழுதுவேன் என்றுதான் எங்கள் பேட்ச்காரர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கெல்லாம் என்னை விடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த முறை நான் கொஞ்சம் சரித்திரம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல். பிழைப்பு, ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வையும் இரைச்சலையும் அளப்பது. நாள் முழுக்க சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் சங்கீதத்தின் பக்கம் எட்டிப் பார்த்தால் தப்பில்லையே!

நம்ம ஊரில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் கோயில் திருவிழாவில் மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுகிற கோஷ்டி. நமது சந்திப்பு விழாக்களிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதுதான் நடக்கிறது. உலகத்தில் மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள், மரக் குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள் எல்லாம் சேர்ந்து, எழுபது எண்பது பேர் எழுத்துத் தாளைப் பார்த்து வாசிக்கிற பெரிய வாத்தியக் குழு அது. அந்தக் குழுவையும் அதன் கருவிகளையும் குழந்தைகளுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்பதற்கு மேல்நாட்டில் புத்தகங்கள், ரிகார்டுகள், டெலிவிஷன் நிகழ்ச்சிகள் என்று நிறையச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் காரியம் நம் செங்கல்பட்டுச் சீமையில் இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. எப்படி நடந்தது, அதிலிருந்து நமக்கு என்ன பாடம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாகீர்ச் சீமை

இன்றைய ஜூனியர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தைத்தான் அவர்களுக்குத் தெரியும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் இதைவிட மிகப் பெரியது. சென்னைப் பட்டணத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு, வடக்கே பொன்னேரி, மேற்கே காஞ்சிபுரம், தெற்கே மதுராந்தகம், செய்யூர் வரை பரவிக் கிடந்தது. 1997 ஜூலையில் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. 2011ல் சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்த மணலியும், விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே தெரிகிற பரங்கிமலையும் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டமே.

இந்த நிலப்பரப்பை ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன் பிறகு இங்கே சண்டைக்குப் பஞ்சமில்லை. 1780 செப்டம்பர் 10ம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லியின் படை அடியோடு தோற்றது. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஓடி வந்தார். இன்றைக்கு நாம் ரயிலில் போகும்போது கொளவாய் ஏரிப் பக்கம் தெரிகிற அதே கோட்டைதான். அந்த யுத்தத்தில் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, குடிகள் ஓடிப்போனார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கதையில் வரப்போகும் இசை ஒரு ராணுவத்தின் இசை. கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த பேண்டுக்குப் பின்னால் துப்பாக்கியும் வரி வசூலும் வந்தன என்பதை மறந்துவிட்டுப் பேசினால் சரித்திரம் பாதிதான் ஆகும்.

மணலிக்கு வந்த குடும்பம்

கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். துபாஷி என்றால் இரு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவே மொழிபெயர்ப்பு, வியாபாரம், தரகு எல்லாம் பார்த்தவர். பணமும் செல்வாக்கும் வந்தன. அதோடு சங்கீத ரசனையும் இருந்தது. திருவாரூரில் இருந்த ராமசுவாமி தீட்சிதரை அவர் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டார். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் என்று சொல்லப்படும் அதே ராமசுவாமி தீட்சிதர்தான். அவருடைய பிள்ளைகள் முத்துஸ்வாமி, சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி. மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். கடைசிப் பிள்ளை பாலுஸ்வாமி 1786ல் பிறந்தவர்.

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் குடும்பத்தை ஆதரித்தார். சின்னையா முதலியார் என்றும் அவரைச் சொல்வார்கள். இவருக்கும் கோட்டையில் போக்குவரத்து உண்டு. போகும்போது தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசிக்கும். அந்தக் காலத்து ராணுவ பேண்டுகளில் பொதுவாகச் சிறு குழல்கள், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன், முரசு எல்லாம் இருக்கும். அவர்கள் வாசித்தவை சிம்பொனி ஒன்றுமில்லை. ராஜாவை வாழ்த்தும் பாட்டு, படைநடை மெட்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற ஆட்ட மெட்டுகள்.

வேதமும் வீணையும் படித்த வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டு என்ன செய்தார்கள்? "மிலேச்ச சங்கீதம்" என்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை. "ஆஹா, இதுதான் சங்கீதம்" என்று நம்முடையதைத் தூக்கி எறியவும் இல்லை. இரண்டு காரியம் நடந்தது. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதல் காரியம்: நோட்டு ஸ்வரம்

கேட்ட மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இவற்றுக்கு 'நோட்டு ஸ்வர சாகித்யம்' என்று பெயர். மொத்தம் நாற்பதுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' அமைந்தது. அதில் வாழ்த்து வாங்குவது ராஜா இல்லை, சங்கீத தேவதையான சியாமளா! மெட்டை எடுத்துக்கொண்டார், ராஜாவை இறக்கிவிட்டார். கம்பெனி கோட்டைக்குள் கேட்ட மெட்டை வைத்துக்கொண்டே ஒருவர் இப்படிச் செய்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்புத்தான். 'காஞ்சீசம் ஏகாம்ரநாதம்' என்ற நோட்டு ஸ்வரம் நம் காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் மேலேயே அமைந்தது.

இன்னொன்று 'ச்யாமளே மீனாக்ஷி'. இதன் மெட்டு உங்கள் வீட்டு எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆங்கிலக் கவிதை 1806ல்தான் முதலில் அச்சானது. மெட்டு அதற்கு முன்பே 18ம் நூற்றாண்டு பிரான்சில் வழங்கிய ஒன்று. மோட்சார்ட் அதை வைத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதினார். அதே மெட்டு வியன்னாவிலும் ஒலித்திருக்கிறது, வங்காள விரிகுடாக் கரையிலும் ஒலித்திருக்கிறது!

பாட்டு வாத்தியார்கள் இந்த நோட்டு ஸ்வரங்களை ஏன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் காரணம் எளிது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை, அதாவது மேல்நாட்டார் மேஜர் ஸ்கேல் என்கிறார்களே, அது. கமகம் கிடையாது. ஸ்வரம் நேராக நிற்கும். பாட்டு சின்னது. தாளம் துள்ளும். ஏழு வயசுப் பிள்ளையின் குரலுக்கு இதைவிட இதமான படிக்கட்டு இல்லை. கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் நடுவில் ஒரு 'இங்கிலீஷ் நோட்டு' வாசித்தால் பந்தியில் இருக்கிற பிள்ளைகள் கூடத் திரும்பிப் பார்க்கும், கவனித்திருப்பீர்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த நோட்டை மதுரை மணி ஐயர் பாடப் பாடச் சபை கைதட்டியதும் இந்த ரகம்தான்.

இரண்டாவது காரியம்: மூன்று வருஷ வயலின்

நோட்டு ஸ்வரக் கதை ஓரளவு பலருக்கும் தெரியும். இரண்டாவது காரியத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் கட்டுரைக்கு இதுதான் முக்கியம்.

கடைசிப் பிள்ளை பாலுஸ்வாமிக்கு வயலின் மேல் ஆசை விழுந்ததை முதலியார் கவனித்தார். "நல்லா இருந்ததா? சரி, வீட்டுக்குப் போகலாம்" என்று விட்டுவிடவில்லை. ஐரோப்பிய வயலின்காரர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வைத்தார். மூன்று வருஷம் பாடம் நடந்தது என்று அந்தக் குடும்ப வழியில் வரும் செய்தி சொல்கிறது. கருவியின் பிடி, வில்லின் ஓட்டம் எல்லாம் அவர்கள் முறையிலேயே கற்றுக்கொண்ட பிறகுதான் பாலுஸ்வாமி அதில் நம் ராகங்களை வாசிக்கத் தொடங்கினார்.

விளைவு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? மேல்நாட்டான் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிக்கிறான். நாம் சம்மணம் போட்டு, தலைப்பக்கத்தைக் கணுக்காலில் முட்டுக் கொடுத்து வாசிக்கிறோம். அவனுடைய நாலு தந்தியும் வேறு வேறு ஸ்வரம். நம்முடையது ஸ, ப, ஸ, ப. கருவி அதுவேதான், ஆனால் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. வயலினை இங்கே வேரூன்ற வைத்தவர்களில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் உண்டு. அவருக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834ல் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார். ஆனாலும் முதல் வரிசையில் முதலாவதாகச் சொல்லப்படும் பெயர் மணலியில் படித்த பாலுஸ்வாமி தீட்சிதருடையது.

பாலுஸ்வாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், குடும்பச் சொத்தான பாட்டுகளைத் திரட்டி 1904ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரும் நூலை எட்டயபுரத்தில் அச்சிட்டார். அவரை விடாமல் தூண்டியவர் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற கத்தோலிக்கக் கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதி 1893ல் வெளியிட்டவர் இவர். அடுத்த வருஷம், 1905ல், சுப்பராம தீட்சிதர் ஆரம்ப மாணவர்களுக்கென்று 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்ற பாடநூலைப் போட்டார். அந்தப் பாடநூலில் நோட்டு ஸ்வரங்கள் முப்பதுக்கும் மேல் இடம்பெற்றன. கோட்டையில் பிள்ளைகள் காதில் விழுந்த பேண்டு, நூறு வருஷம் கழித்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கே வந்து சேர்ந்தது. நம் காலத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன் இவற்றை ஆராய்ந்து பதிவும் செய்திருக்கிறார்.

வெளியூர்க் கதைகள் சில

இதே காரியத்தை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1936ல் மாஸ்கோவில் குழந்தைகள் நாடக அரங்கம் ஒன்றுக்காக புரோக்கோஃபியெவ் 'பீட்டரும் ஓநாயும்' எழுதினார். கதையில் குருவி வந்தால் புல்லாங்குழல், வாத்து வந்தால் ஓபோ, பூனைக்கு கிளாரினெட், தாத்தாவுக்கு பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பையன் பீட்டருக்கு வயலின் கூட்டம். கதை முடியும்போது குழந்தைக்குக் கருவிகளின் குரல் மனப்பாடம். 1945ல் இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் ஒரு கல்விப் படத்துக்காக இன்னொன்று எழுதினார். 17ம் நூற்றாண்டு இசைமேதை பர்செலின் ஒரே மெட்டை முதலில் எல்லாருமாக வாசிப்பார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக, கருவி கருவியாகப் பிரித்து வாசித்துக் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி சேர்ப்பார்கள். ஒரு கியர்பாக்ஸை அக்கக்காகப் பிரித்துக் காட்டிப் பூட்டுகிற மாதிரி. நம் லேப் வகுப்பு ஞாபகம் வருகிறதா? நியூயார்க்கில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை டெலிவிஷனில் 53 நிகழ்ச்சிகள் நடத்திக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்.

இவையெல்லாம் அருமையான காரியங்கள். ஆனால் இவை மூன்றிலும் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறது. குழந்தையின் கையில் கருவியைக் கொடுத்த கதை வெனிசுவேலாவுடையது. 1975ல் காரகாஸ் நகரில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கருவி, இலவசமாக வாத்தியார், அன்றாடம் பயிற்சி. அது நாடெங்கும் பரவியது. அதில் வளர்ந்த குஸ்தாவோ டுடாமெல் 2009ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பெரும் இசைக்குழுவின் இயக்குநர் ஆனார்.

நம் சென்னையிலும் நடந்திருக்கிறது. 2008ல் இசைக் கல்லூரி தொடங்கிய ஏ.ஆர். ரஹ்மான், 2009ல் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' என்று ஒன்றை ஆரம்பித்தார். வயலின், செல்லோ, குழல், பித்தளைக் கருவி எல்லாம் இலவசப் பயிற்சி. கிராமத்திலிருந்து வந்து சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்த இளையராஜா, 2025 மார்ச் 8ம் தேதி லண்டனில் தம் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியதை நாம் எல்லோரும் போனில் பார்த்துப் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்குப் பின்னாலும் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு வாத்தியார் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கடற்கரைப் பிள்ளைகளிடம் கற்றது

படித்ததோடு நிற்காமல் நானும் இரண்டு நண்பர்களுமாக ஒரு காரியம் செய்து பார்த்தோம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கினோம். செங்கல்பட்டிலிருந்து ஒரு வயலின் ஆசிரியை, கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசிக்கும் இரண்டு பேர், ஒரு நாகஸ்வர வித்வான், ஒரு தவில்காரர். இவ்வளவுதான் எங்கள் 'ஆர்க்கெஸ்ட்ரா'.

மேல்நாட்டுக் கருவிகளைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தெரியும், பேர்தான் தெரியாது! டிரம்பெட்காரர் ஊதிக் காட்டினார். உதடு அதிர்கிறது, அந்த அதிர்வைக் குழாய் பெரிதாக்குகிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பையன், "சார், இது சங்கு மாதிரி" என்றான். சத்தியமான வார்த்தை. சங்கு, எக்காளம், கொம்பு, டிரம்பெட், ஹார்ன் எல்லாம் உதடு அதிர்ந்து பேசுகிற ஒரே ஜாதி. நாகஸ்வர வித்வான் சீவாளியைக் கழற்றிக் காட்டினார். இரண்டு தட்டை நடுவே காற்று போகிறது. ஓபோவும் பஸூனும் அதே சீவாளி முறைதான். கிளாரினெட்டில் ஒற்றைத் தட்டை. "இவரு எங்க குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம், தம்பி" என்று வித்வான் கிளாரினெட்காரரைக் காட்டிச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதம் வாசித்தே 2008ல் சங்கீத கலாநிதி ஆனதை அவர்தான் சொன்னார்.

ஒரு சிறுமி கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை. அவள் வீட்டில் எல்லோரும் சிற்ப வேலை. "எங்கப்பா கல்லை உளியால தட்டிப் பார்த்துத்தான் எடுப்பாரு. வயலின் மரத்தையும் தட்டிப் பார்ப்பாங்களா?" என்றாள். பார்ப்பார்கள் அம்மா! வயலின் செய்கிறவன் முகப்புப் பலகையைத் தட்டித் தட்டித்தான் இழைக்கிறான். நம் ஸ்தபதிகள் ஓசையைக் கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறார்கள். நான் லட்ச ரூபாய்க் கருவியை வைத்துக்கொண்டு இயந்திரத்தில் செய்கிற சோதனையும் அடிப்படையில் அதுதான்.

கருவிகளைக் குடும்பமாகப் பிரிப்பதற்கு நமக்கு வெளிநாட்டுப் புத்தகம் தேவையே இல்லை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நாம் எப்போதோ பிரித்துவிட்டோம். இதில் ஒரு சுவாரசியமான செய்தி உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர் 1876ல் பெல்ஜியம் ராஜாவுக்கு இந்திய இசைக்கருவிகளைப் பரிசாக அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் அவற்றைக் கவனித்த மஹில்லோன் என்பவர், நம் நாட்டு நால்வகைப் பகுப்பைத் தழுவியே உலகக் கருவிகளை வகைப்படுத்தினார். 1914ல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் அதை விரிவாக்கினார்கள். இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் வழங்குகிற முறை அதுதான். ஆகவே நம் பிள்ளையிடம் ஓபோவைக் கொடுத்தால், அதை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும்.

கூட்டமாக வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934) கச்சேரி என்றால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். 'ஃபுல் பெஞ்ச்' என்றே அதற்குப் பெயர். மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணனுக்குப் பக்கத்தில் பசுவும் கன்றும் நிற்க, ஒருவன் குழல் ஊதுகிறான். பல்லவர் காலத்திலிருந்து ஊதிக்கொண்டிருக்கிறான். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவனைத் தினமும் பார்க்கிறவர்கள்.

கடைசியாக வயலின் ஆசிரியை ஒரு நோட்டு ஸ்வரத்தைச் சொல்லிக்கொடுத்தார். பத்து நிமிஷத்தில் எண்பது பிள்ளைகளும் பாடினார்கள். எல்லாக் கருவிகளும் சேர்ந்துகொண்டன. அந்த ஐந்து நிமிஷம் சொர்க்கம்.

கிளம்பும்போது சிற்பி வீட்டுப் பெண் வயலின் ஆசிரியையிடம் வந்து, "டீச்சர், இதை எங்க போய்க் கத்துக்கணும்?" என்று கேட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். அரசு இசைப்பள்ளி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வயலின், மிருதங்கம், நாகஸ்வரம், தவில் என்று நல்ல பாடங்கள், மூன்று வருஷப் படிப்பு. ஆனால் மாமல்லபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். பத்து வயசுப் பெண் எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்புவாள்?

சங்கத்துக்கு ஒரு யோசனை

இங்கேதான் மணலி முதலியார் எனக்கு ஞாபகம் வந்தார்.

பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய் பேண்டு கேட்க வைத்தார், நமக்கு நோட்டு ஸ்வரம் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் மூன்று வருஷம் வாத்தியார் வைத்தார், நமக்கு வயலினே கிடைத்தது. ஒரு நாள் காட்டினால் ஞாபகம் மிஞ்சும். வாத்தியார் வைத்தால்தான் வித்தை மிஞ்சும். எங்கள் சனிக்கிழமை முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாவது வகையை மூன்று பேர் சேர்ந்து செய்ய முடியாது. ஒரு சங்கம் செய்யலாம்.

முதலியார் பெரும் பணக்காரர், நாம் அப்படி இல்லை என்பீர்கள். என்ஜினியர் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு வகுப்பு, வருஷத்துக்கு நாற்பது வாரம், மூன்று வருஷம். ஆக மொத்தம் 240 வகுப்பு. நம் சங்கத்தில் வெறும் 240 பேர், ஆளுக்கு ஒரே ஒரு வகுப்பின் வாத்தியார் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் முடிந்தது. மூன்று வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு வகுப்பு, அவ்வளவுதான்! ஆரம்ப மாணவருக்கான வயலின் நம் கையில் இருக்கிற செல்போனை விட மலிவு. பத்து வயலின் பொதுவாக வாங்கிப் பள்ளியிலேயே வைத்துவிடலாம். இப்போது படிக்கிற ஜூனியர்கள் என்.எஸ்.எஸ். மூலமாகப் போக்குவரத்து, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளலாம். வாத்தியாருக்குத் தவறாமல் முதல் தேதியில் சம்பளம் போக வேண்டும். நாகஸ்வரம், தவில் வித்வான்களைக் கூப்பிட்டால் பொன்னாடையோடு நிறுத்தாமல் உரிய சன்மானம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நம் சந்திப்பு விழாவின் இரவு ஆர்க்கெஸ்ட்ராவை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் முன்வரிசையில் ஆடுகிறவன்தான்! அது பாட்டுக்கு நடக்கட்டும். பக்கத்தில் இதையும் நடத்துவோம் என்கிறேன்.

பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முதல் வகுப்புக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி 239.